ட்ரெயின் போல்ட் மரை போய்விட்டதா? இஞ்சின் கேஸை மாற்றாமலேயே சரிசெய்யலாம்

பைக்கில் ஆயில் மாற்றிவிட்டு, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திரும்ப முறுக்கும்போது மரை போனால் கைக்கே தெரிந்துவிடும். நன்றாக இறுகிக்கொண்டு வந்த போல்ட் திடீரென்று லேசாகும், அப்புறம் எவ்வளவு சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரைக்குள் வெள்ளி நிறத்தில் மெல்லிய கம்பிச்சுருள் மாதிரி ஒன்று சிக்கியிருக்கும். அது போல்ட்டுடையது இல்லை, இஞ்சின் கேஸிலிருந்து உரிந்து வந்த மரை. போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம், அடி வாங்குவது எப்போதும் கேஸ்தான்.

இதைக் காட்டினால் சில கடைகளில் உடனே "கேஸ் மாத்தணும், இஞ்சின் இறக்கணும்" என்பார்கள். கேஸில் விரிசல் விழாத வரைக்கும் அதற்கு அவசியமே இல்லை.

வேலையில் இறங்கும் முன் ஒரு விஷயம். ஆயிலைத் தடுப்பது மரை இல்லை, வாஷர். போல்ட் தலைக்கும் கேஸின் சமமான முகத்துக்கும் நடுவில் நசுங்கி உட்காரும் காப்பர் அல்லது அலுமினிய வாஷர்தான் ஆயிலை நிறுத்துகிறது, அந்த வாஷரை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் மரையின் வேலை. பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு, சொட்டு விழுகிறதே என்று இன்னும் ஒரு முறுக்கு, இன்னும் ஒரு முறுக்கு என்று போவதில்தான் பாதி வண்டிகளின் மரை போகிறது. அதனால் நீங்கள் போடும் புது மரை நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் நசுங்கி எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

முதலில் துளையைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சில நேரம் வாய்ப்பக்க மரை மட்டும் போயிருக்கும், உள்ளே நாலைந்து சுற்று அப்படியே இருக்கும். அப்படியானால் அதே அளவில் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டாலே வேலை முடிந்தது. ஆனால் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு கம்பியை விட்டு அளந்த பிறகுதான் போல்ட் வாங்க வேண்டும், முனை எதிலாவது முட்டினால் கேஸே உடையும்.

மரை முழுக்கப் போயிருந்தால் இரண்டு வழி. நம்மூர் 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது 12 எம்எம் போல்ட், 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி 1.5 எம்எம்), 17-ஆம் நம்பர் ஸ்பேனர். இருந்தாலும் உங்கள் போல்ட்டை அளந்தே டேப் (மரை வெட்டும் கருவி) வாங்குங்கள். துளையைச் சுற்றிச் சதை நிறைய இருந்தால் 12.5 எம்எம் டிரில் விட்டு, 14 எம்எம் 1.5 பிட்ச் டேப் அடித்து, அந்த அளவு போல்ட்டைப் போட்டுவிடலாம். பல கார்களின் ட்ரெயின் போல்ட் இதே அளவு என்பதால் ஸ்பேர் கடையில் சுலபமாகக் கிடைக்கும், வாஷரையும் அதற்கேற்ற அளவில் வாங்குங்கள். செலவு குறைவு, ஆனால் அடுத்த முறை போனால் பெரிதாக்க இடம் இருக்காது. இரண்டாவது வழி ஹெலிகாயில். அதற்கென்றே வரும் டேப்பை அடித்து ஸ்டீல் சுருளை உள்ளே ஏற்றினால் பழைய போல்ட்டையே போடலாம், மரையும் முன்பைவிடக் கெட்டி. என்னைக் கேட்டால் ஹெலிகாயில்தான். லேத் பட்டறையில் புஷ் (உள்ளே மரை வெட்டிய உலோகக் குழல்) போட்டும் தருவார்கள், அதுவும் நல்ல வேலைதான்.

டேப் அடிக்கும்போது அவசரமே கூடாது. ஆயிலை முழுக்க வடித்து, மெயின் ஸ்டாண்டு போட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் புது கிரீஸ். முதல் இரண்டு சுற்றுக்குள் மூலைமட்டத்தைக் கேஸின் முகத்தில் வைத்து இரண்டு பக்கமும் சரிபாருங்கள், அதற்கு மேல் போனால் சாய்வை நிமிர்த்த முடியாது. டிரில்லில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

சுருளை ஏற்றும் முன் துளையை பெட்ரோலால் துடைத்துக் காயவிட்டு, சூடு தாங்கும் திரெட் லாக்கரை (மரை கழன்றுவிடாமல் பிடிக்கும் பசை) கொஞ்சமாகத் தடவுங்கள். சுருள் கேஸின் முகத்துக்கு அரைச் சுற்று உள்ளே போய் நிற்க வேண்டும், வெளியே துருத்தினால் வாஷர் உட்காராது. சுருளின் அடியில் குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும், வேலை முடிந்ததும் அதை உடைத்து எடுக்க வேண்டும். பலர் கம்பியை வைத்து ஒரு தட்டு தட்டுவார்கள், வால் நேராக இஞ்சினுக்குள் விழும். நீள மூக்குக் குறடால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி உடைத்து, துண்டு கைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு மறுவேலைக்குப் போங்கள்.

அடுத்தது சுத்தம். அலுமினியச் சீவலைக் காந்தம் பிடிக்காது, அதனால் காந்த போல்ட்டை நம்பாதீர்கள். கம்ப்ரஸர் இருந்தால் மேல்மூடி வழியாக மெதுவாகக் காற்று விடுங்கள், பிறகு விலை குறைந்த ஆயில் 200 மில்லி ஊற்றி வடியவிடுங்கள், வடிந்ததை வெள்ளைத் துணியில் பார்த்து மினுக்கு நிற்கும் வரை திரும்ப ஊற்றுங்கள். ஆயில் வலை இருக்கும் இஞ்சின் என்றால் அதையும் கழற்றிக் கழுவிவிடுங்கள்.

திரெட் லாக்கர் காய டப்பாவில் சொன்ன நேரத்தைக் கொடுத்துவிட்டு, புது வாஷரோடு போல்ட்டை முதலில் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். சின்ன இஞ்சின்களுக்கு இறுக்க வேண்டிய அளவு பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும், சரியான எண் வண்டி மேனுவலில் உண்டு. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையா? கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் என்ன அழுத்தமோ அவ்வளவுதான், ஸ்பேனரில் பைப் சொருகும் வேலையெல்லாம் வேண்டாம்.

எம்-சீல் அடைப்பது, டெஃப்லான் டேப் சுற்றுவது, அனபாண்ட் பசை அப்புவது எல்லாம் வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டு வருவதற்குக்கூட உத்தரவாதம் இல்லாதவை. ஓடும்போது போல்ட் விழுந்தால் ஆயில் பின்டயரில் கொட்டும், வண்டி சறுக்கும், இஞ்சினும் இறுகி நின்றுவிடும்.

ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தி, அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு இரவு முழுக்க ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் போல்ட்டை மேலும் முறுக்காமல் ஆயிலை வடித்து வாஷரையும் கேஸின் முகத்தையும் பாருங்கள். வாஷரில் நசுங்கிய தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் மரை சாய்ந்திருக்கிறது, லேத் பட்டறையில் அந்த முகத்தை மரைக்கு நேராகச் சீவித் தரச் சொல்லுங்கள்.