அக்செஷன் ரிஜிஸ்டரிலிருந்து கோஹாவுக்கு: தமிழ்ப் புத்தகங்களை ஏற்றுவது எப்படி?

சின்ன நூலகம் ஒன்று பழைய மென்பொருளைக் கைவிட நினைத்தபோது உதவிக்குப் போயிருந்தேன். புத்தகப் பட்டியலைக் கேட்டதற்கு, மென்பொருள் விற்றவர் அச்சடித்த காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். அத்தனையையும் திரும்பத் தட்டச்சு செய்தோம். அதற்குப் பிறகு எந்த மென்பொருளைப் பார்த்தாலும், போட்ட தரவை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கோஹாவில் முடியும். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக 1999-ல் எழுதப்பட்ட கட்டற்ற நூலக நிர்வாக மென்பொருள் அது. அங்கே இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற பயத்தில் பிறந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. புத்தக விவரங்களை மார்க் 21 என்ற பொது வடிவத்தில் அது வைத்துக்கொள்வதால், நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் பட்டியல் நம்மோடு வரும்.

கோஹா ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது, உங்கள் அக்செஷன் ரிஜிஸ்டர், அதாவது நூலகத்துக்கு வந்த புத்தகங்களைப் பதியும் ஏடு, ஓர் எக்செல் பட்டியலாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

பாதி வேலை இதில்தான். அவசரப்படாதீர்கள்.

பழைய பட்டியல் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையா? யாரோ 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். 'ஒளவையார்' கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அது வேறு ஆள்.

அடுத்து ஆசிரியர் பெயர். நூலகவியலுக்கு வழிகாட்டிய சீர்காழிக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'எஸ்.ஆர். ரங்கநாதன்', 'ரங்கநாதன், எஸ்.ஆர்.', 'சீ. இரா. அரங்கநாதன்' என்று ஒரே பட்டியலில் மூன்று பேராக நிற்பார். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா வரியிலும் அதையே போடுங்கள். எந்த வடிவம் என்பதில் சண்டை வரும். வரட்டும், ஒரு முடிவுக்கு வந்தால் போதும்.

படி 2: சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள்

சிஎஸ்வி என்றால் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு. அதற்கு லிப்ரெஆபிஸ் கால்க் போதும். ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), பார்கோடு இருக்கும் பத்திகளை (நெடுவரிசைகளை) எண்ணாக விடாமல் டெக்ஸ்ட் வகைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்க ஐஎஸ்பிஎன் '9.78' என்று தொடங்கி நடுவில் ஒரு ஆங்கில எழுத்தோடு சுருங்கிவிடும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். '000123' என்ற பார்கோடும் வெறும் 123 ஆகிவிடும். தமிழ் எழுத்துகள் உடையாமலிருக்க, சேமிக்கும்போது யுடிஎஃப்-8 தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: பத்திகளுக்கு மார்க் எண் கொடுங்கள்

மார்க்எடிட் என்ற கருவியில், சிஎஸ்வி கோப்பை மார்க் வடிவத்துக்கு மாற்றும் டெலிமிட்டட் டெக்ஸ்ட் டிரான்ஸ்லேட்டர் இருக்கிறது. (இது காசில்லாமல் கிடைக்கும், ஆனால் மூல நிரல் திறந்ததல்ல. எனக்கும் உறுத்தல்தான், ஆனால் இதிலிருந்து வெளிவரும் கோப்பு பொது வடிவம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.) பத்திகளை அது 0-விலிருந்து எண்ணும் என்பது நினைவிருக்கட்டும்.

மார்க்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு மூன்று இலக்க எண் உண்டு. ஐஎஸ்பிஎன் 020-க்குப் போகும். ஆசிரியர் 100, தலைப்பு 245, வெளியீட்டு விவரம் (பதிப்பகம், ஊர், ஆண்டு) 264, பக்கங்கள் 300. தலைப்பு எண்ணை அடுத்து வரும் இரண்டு குறி இலக்கங்களில் (இண்டிகேட்டர்) இரண்டாவது, வரிசைப்படுத்தும்போது முன்னால் எத்தனை எழுத்தைத் தள்ள வேண்டும் என்று சொல்வது. ஆங்கிலத்துக்கு 'தி', 'எ' தொல்லை உண்டு. தமிழுக்கு 0 போட்டுவிட்டு நகரலாம்.

அலமாரியில் இருக்கும் பிரதியின் விவரம் 952-க்கு: அதன் உட்பிரிவுகளில் (சப்ஃபீல்டு) 'a', 'b' இரண்டிலும் நூலகக் குறி, 'o'-வில் கால் நம்பர் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் எண்), 'p'-யில் பார்கோடு, 'y'-யில் புத்தக வகை. நூலகக் குறியும் வகைக் குறியும் கோஹாவின் நிர்வாகப் பக்கத்தில் நீங்கள் உருவாக்கியதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 952-க்கான வரிகளைத் தேர்ந்தெடுத்து 'ஜாயின் ஐட்டம்ஸ்' கொடுங்கள். மறந்தால் ஒரு புத்தகத்தின் விவரம் துண்டு துண்டாக நிற்கும்.

படி 4: பத்தே புத்தகங்களை ஏற்றுங்கள்

பத்துப் புத்தகங்களுக்கு மட்டும் மார்க்எடிட் தந்த .mrk கோப்பை அதிலேயே .mrc ஆக மாற்றி, கோஹாவில் 'ஸ்டேஜ் ரெக்கார்ட்ஸ்' பக்கத்தில் கொடுங்கள். இது காத்திருப்பு அறை மாதிரி. பட்டியலுக்குள் இன்னும் எதுவும் போகவில்லை. பிரதி விவரங்களையும் சரிபார்க்கச் சொல்லும் கேள்விக்கு 'ஆம்' கொடுங்கள். பிறகு 'மேனேஜ் ஸ்டேஜ்டு ரெக்கார்ட்ஸ்' போய் இம்போர்ட். தப்பாகிவிட்டால் அதே இடத்தில் அண்டூ உண்டு.

ஏற்றியவுடன் தேடினால் கிடைக்காது. தேடலுக்கான அட்டவணை (இண்டெக்ஸ்) தயாராகச் சற்று நேரம் எடுக்கும். டீ குடித்துவிட்டு வந்தும் தமிழ்ச் சொல் மட்டும் கிடைக்கவில்லை என்றால், கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவின் அமைப்பு, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் 'ஐசியூ'-வில் (ICU) இருக்கிறதா என்று நிறுவியவரைக் கேளுங்கள்.

படி 5: ஏற்றியதைத் திரும்ப எடுங்கள்

பத்தும் சரியாக வந்ததா? மீதியை ஏற்றுவதற்கு முன்பே எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்தக் கோப்பை மார்க்எடிட்டில் திறந்து பாருங்கள். 952 வரிகளும் கூடவே வந்திருக்க வேண்டும். ஔவையார் ஔவையாராகவே இருக்க வேண்டும். இருந்தால் மீதிப் பட்டியலையும் ஏற்றலாம்.