வளைந்த ரேக் தூணுக்கு வெல்டிங் மருந்தல்ல

கிடங்குப் பராமரிப்புக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் ஹெல்மெட்டையும் கையுறையையும் மறப்பது ஒரு வாரத்தில் தானாகத் திருந்திவிடும் என்பதால், அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சரக்கு அடுக்கும் இரும்பு ரேக்குகளைப் பழுதுபார்ப்பதில் நான் செய்து வருந்திய தவறுகளையே அவர்களும் அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

வளைந்த தூணில் தகடு வைத்துப் பற்றவைப்பது

ஃபோர்க்லிஃப்ட் இடித்துத் தூணின் அடிப்பகுதி உள்வாங்கிவிட்டால், ஜாக்கி வைத்து நிமிர்த்தி, மேலே ஒரு தகட்டைப் பற்றவைத்து, அதே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நானே நின்று இதைச் செய்வித்தேன். தூண் முன்பைவிட உறுதியாகிவிட்டது என்று மேலாளரிடமும் சொன்னேன். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தகடு முடியும் இடத்துக்குச் சற்று மேலே தூண் புடைத்து, பெயின்ட் வெடித்திருந்தது. இரவோடு இரவாகச் சரக்கை இறக்கினோம். ஒரு தூணை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்கு, இரண்டு ஃபிரேம்களையும் (முன்தூணையும் பின்தூணையும் இணைத்த சட்டம்) நான்கு பீம்களையும் (ஃபிரேம்களுக்கு இடையே சரக்கைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) வாங்க வேண்டியதாயிற்று.

அந்தத் தூண் ஏன் புடைத்தது என்பதை அன்று யாரும் எனக்கு விளக்கவில்லை. ரேக் தூண் என்பது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய தகட்டைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையே மடித்து உருவாக்கப்படுவது. அப்படிக் குளிர்நிலையில் மடிப்பதாலேயே அதன் மூலைகளுக்குக் கூடுதல் வலிமை கிடைக்கிறது. வெல்டிங்கின் வெப்பம் பட்ட இடத்தில் அந்த வலிமை இளகிப்போகிறது. மேலும், தகடு வைத்த இடம் விறைப்பாகி, அதன் விளிம்பில் அழுத்தம் குவிகிறது. ஒரு டன் பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) இரண்டிரண்டாக நான்கு தட்டுகளில் இருந்தால், நடுவிலுள்ள ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ 4 டன் சுமக்கிறது. அவ்வளவு சுமையையும் மெல்லிய தகடு தாங்குவது அது நேராக நிற்பதால்தான்; நிமிர்த்திய பிறகும் நுண்ணிய வளைவு எஞ்சினால் ஒட்டிய தகடு அதை ஈடுசெய்யாது. பீம்கள் வழியே எல்லா ஃபிரேம்களும் பிணைந்திருப்பதால், ஒரு தூண் மடங்கினால் வரிசை முழுவதும் சரியக்கூடும்.

இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது, பெயின்ட் அடித்த அந்த ஒட்டு அடுத்து ஆய்வுக்கு வருபவரின் கண்ணிலிருந்து சேதத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான். ஈஎன் 15635 என்ற ஐரோப்பியத் தரநிலை, தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் சேதமடைந்த பாகத்தைப் பழுதுபார்க்கக் கூடாது, மாற்றவே வேண்டும் என்கிறது. ஒரு மீட்டர் நேர்கோலைத் தூணோடு ஒட்டி வைத்து வளைவைப் பாருங்கள். பீம்களின் திசையில் 5 மில்லிமீட்டரும், ஃபிரேமின் ஆழத் திசையில் 3 மில்லிமீட்டரும்தான் வரம்பு. வளைவு அதைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தால், அந்த நிமிடமே சரக்கை இறக்க வேண்டும்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தீப்பொறி

வெல்டிங், கட்டிங் பொறிகள் ஏறத்தாழ 11 மீட்டர் வரை சிதறிச் செல்லக்கூடியவை என்று கொண்டே அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டுள்ளன. கிடங்கிலோ அந்தத் தூரத்துக்குள் அட்டை, மரப் பேலட், பிளாஸ்டிக் சுற்று எல்லாம் இருக்கும். இடுக்கில் விழுந்த பொறி கனன்று, ஆட்கள் சாப்பிடப் போன பிறகு பற்றிக்கொள்ளும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.

கேல்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) பாகத்தைப் பற்றவைப்பது

துத்தநாகப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சல் தரும்.

பீம் கொக்கியைத் தூணோடு பற்றவைப்பது

கொக்கி கழன்றுவிடாமல் பூட்டும் பாதுகாப்பு ஊசி (பின்) தொலைந்தால், பற்றவைக்காமல் புதிய பின்னை வாங்கிப் போடுங்கள்.

அடித்தட்டுப் பீமைத் தயாரிப்பாளரைக் கேட்காமல் உயர்த்துவது

தரைக்கும் முதல் பீமுக்கும் இடைப்பட்ட நீளம் இரு மடங்கானால், தூண் மடங்காமல் தாங்கும் சுமை கால் பங்காகக்கூடக் குறையலாம்.

ஒரு பக்கத்தை மட்டும் இறக்குவது

நடுத்தூண் இரு பக்கச் சுமையையும் ஏந்துகிறது. அதைத் தொடுவதற்கு முன், இரு பக்கமும் மேல்தட்டு முதல் அடித்தட்டு வரை காலியாகியிருக்க வேண்டும்.