பயங்கரவாத எதிர்ப்பில் நிலைமாறுகால நீதி: கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி காலாப்பட்டில் சட்டமும் அரசியலும் படிக்கும் மாணவர்கள் இந்தத் தலைப்பில் எழுதும் கட்டுரைகளைப் படிக்கையில், சில பிழைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. போரோ கொடுங்கோன்மையோ முடிந்த சமூகத்தில் உண்மையைக் கண்டறிதல், குற்றம் புரிந்தோரை விசாரித்தல், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குதல், கொடுமை மீண்டும் நிகழாதவாறு நிறுவனங்களைச் சீர்திருத்துதல் ஆகிய நான்கையும் சேர்த்தே நிலைமாறுகால நீதி என்கிறோம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் கைவிடும்போதுதான் வாதம் தடம் புரள்கிறது.

எளிதில் திருத்தக்கூடிய பிழை, இதைப் பொதுமன்னிப்பின் மறுபெயராக எண்ணுவது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் அக்காலக் கொடுமைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் 7,000க்கும் மேற்பட்டோர் மன்னிப்புக் கோரி விண்ணப்பித்தனர். செய்ததை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும், அது அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். மிகப் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.

ஆயுதக் குழுவின் குற்றங்களை மட்டும் பட்டியலிட்டு, அரசின் குற்றங்களை ‘தவிர்க்க இயலாத விளைவுகள்’ என்று கடந்துவிடுவது இதைவிடப் பெரிய தவறு. (எதிர்த்திசையில், அரசை மட்டுமே சாடும் கட்டுரைகளும் வருகின்றன, அவற்றின் குறையும் இதே அளவினதுதான்.) தென்னமெரிக்க நாடான பெருவின் உண்மை ஆணையம் 2003இல் அளித்த அறிக்கையைப் படித்தவர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். 1980 முதல் 2000 வரை ஏறத்தாழ 69,000 பேர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ இருக்கலாம் என்று மதிப்பிட்ட அந்த அறிக்கை, பதிவான மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிஸ்ட் ஆயுத இயக்கமே பொறுப்பு என்று தயக்கமின்றிக் கூறியது. ராணுவமும் காவல்துறையும் செய்த கொலைகளையும் அதே கண்டிப்போடு எழுதி வைத்தது. பலியானவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைப் பேசியவர்கள் என்பதும் அதில் தெரியவந்தது. ஏழை உழவர்களுக்காகவே போராடுவதாகச் சொல்லிக்கொண்ட இயக்கம் அந்த உழவர்களையே கொன்று குவித்தது என்பதை ராணுவத்தின் செய்திக்குறிப்பு சொன்னால் மலைக்கிராமத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ராணுவத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் துணிந்த ஓர் ஆணையம் சொல்லும்போதுதான் அது எடுபடும். பயங்கரவாதத்தின் பிரசாரத்தை முறியடிப்பதில் நிலைமாறுகால நீதிக்குள்ள தனிப்பங்கு இதுவே என்பது என் கருத்து.

அரசு தன் குற்றத்தை மறைத்தால் நேர்வது என்ன என்பதற்கு வட அயர்லாந்து சாட்சி. 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் ஊர்வலம் சென்றோர் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். அவசரமாக நடந்த முதல் விசாரணை படையினரைப் பெருமளவு காப்பாற்றியது, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வில் (ஐரிஷ் குடியரசு ராணுவம்) இளைஞர்கள் திரண்டு சேர்ந்தனர். அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்று பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2010இல்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டனை கிடைத்துவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டுவது மாணவர்கள் அதிகம் கவனிக்காத தவறு. ஈராக்கில் ஐ.எஸ். அமைப்பினர் பலர், அமைப்பில் உறுப்பினராக இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டிலேயே தண்டிக்கப்பட்டனர். யாசிதி என்னும் சிறுபான்மைச் சமயத்துப் பெண்களை அடிமைகளாக விற்றதும் வதைத்ததும் பல வழக்குகளில் விசாரிக்கப்படவே இல்லை. அவ்வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறவும் இல்லை. இதற்கு மாறாக, 2021 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நீதிமன்றத்தில், தானும் தன் ஐந்து வயது மகளும் விலைக்கு வாங்கப்பட்டதையும், ஃபல்லூஜாவில் கொளுத்தும் வெயிலில் சங்கிலியால் கட்டப்பட்டு அச்சிறுமி தாகத்தால் இறந்ததையும் ஒரு தாய் எடுத்துரைத்த பின், ஐ.எஸ். உறுப்பினர் ஒருவருக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உறுப்பினர் என்ற ஒற்றைக் குற்றச்சாட்டில் அந்தச் சிறுமிக்கு இடமே இருந்திருக்காது.

அலுவலகம் திறந்ததைச் சாதனையாக எண்ணுவதும் தவறே. இலங்கையில், காணாமற்போனோரின் கதியைக் கண்டறியும் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆனால் 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் அரசு அளித்த வாக்குறுதிக்கு மாறாக 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீடித்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அதே சட்டத்தில் பலர் கைதாயினர். உறவுகளைத் தேடும் வன்னித் தாய்மார் 2017இல் தொடங்கிய தெருவோரப் போராட்டமும் அலுவலகம் வந்ததால் ஓயவில்லை.

காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்று வடக்கே சென்றால் கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் வருகிறது. ‘பாதிக்கப்பட்டோரின் பங்கேற்பு இன்றியமையாதது’ என்று கட்டுரையில் எழுதிவிட்டு, ஜெனீவா தீர்மானங்களுக்கு மட்டும் அடிக்குறிப்பு இடுவதைவிட, கடல் கடந்து வந்தவர்கள் எந்த ஆணையத்தின் முன் எவ்வாறு சாட்சியம் அளிக்க முடியும் என்ற கேள்வியை, அங்குள்ளோர் பேச விரும்பினால் அவர்களிடமே கேட்டு எழுதலாம்.