கார் சீட்டில் ஒரு பாலிதீன் பை

பக்கவாதம் வந்தவரைச் சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாற்றும் முன், சீட்டின் மேல் பெரிய பாலிதீன் பை ஒன்றை விரித்துவிடுங்கள். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதலில் அவரை வெளிப்பக்கம் பார்த்தபடி உட்காரவைத்து, அப்புறம் உடம்பையும் கால்களையும் சேர்த்தே உள்ளே திருப்புங்கள்.

துணி சீட்டில் வேட்டியும் நைட்டியும் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பில் தோல் உரசிப் புண்ணாகலாம். உணர்ச்சி குறைந்த இடமென்றால் அவருக்கே தெரியாது. பை வழுக்கிக் கொடுப்பதால் உடம்பு லேசாகத் திரும்பும், உதவுபவரின் முதுகும் தப்பிக்கும்.

உட்கார்ந்ததும் பையை மறக்காமல் உருவிவிடுங்கள். விட்டுவைத்தால், பிரேக் போடும்போது அவர் பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிவிடுவார்.

பலமுள்ள பக்கம் காரை ஒட்டியிருப்பது நல்லது. நாற்காலியும் கார் பார்க்கும் திசையிலேயே நின்றால், வலது பக்கம் பலமுள்ளவருக்கு இடது முன் கதவு வசதி. இடது பக்கம் பலமென்றால் வலப்பக்கப் பின் கதவு. ஆனால் அது சாலைப் பக்கம், வீட்டு வாசலுக்குள்ளோ வண்டி வராத இடத்திலோ மட்டும் செய்யுங்கள்.

சீட் நாற்காலியைவிட மிக உயரமாக இருக்கும் பெரிய வண்டிகளுக்கு இது உதவாது. பிடிமானமின்றி உட்கார முடியாதவருக்கும், ஏற்கெனவே படுக்கைப்புண் இருப்பவருக்கும் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு நாற்காலியோடு ஏற்றும் சாய்தள வண்டிதான் சரி.