நம்ம சிமுலேஷன் பேஸ்பால் லீக்குக்கு ஆக மோசமான ரெக்கார்ட் லிஸ்ட் எப்படி போடுறது

கம்ப்யூட்டர்லயோ கார்டும் பகடையும் வச்சோ கற்பனை பேஸ்பால் டீம் நடத்துற சிமுலேஷன் லீக் கொஞ்ச சீசன் ஓடிட்டாலே அதிக ஹோம்ரன் யாரு, அதிக வின் யாருங்கற லிஸ்ட் தானா வந்துடும், கேமே போட்டு குடுத்துடும். மோசமான ரெக்கார்டுக்கு அந்த வசதி கெடையாது, நாமளே உக்காந்து தான் போடணும், சும்மா ஷீட்ல ஒரு காலத்த, அதாவது மேலேர்ந்து கீழ வர்ற ஒரு பத்திய, கீழேர்ந்து மேல சார்ட் பண்ணா ஒரே ஒரு மேட்ச் ஆடுன பையன்லாம் மொத எடத்துல வந்து நிப்பான். மீன்பிடி தடைக்காலத்துல மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் கீழக்கரை, தொண்டின்னு ராத்திரி லீக் ஓட்டுற பசங்க இத கேட்டுட்டே இருக்காங்க, அதனால எனக்கு தெரிஞ்ச முறைய முழுசா எழுதுறேன்.

எல்லாத்துக்கும் அடியில ஒரு விஷயம் இருக்கு, அத மனசுல வச்சுக்கங்க. மோசமான ரெக்கார்ட் வாங்கவே ஒருத்தன் நெறைய ஆடியிருக்கணும், நெறைய ஆடணும்னா அவன ஒரு மேனேஜர் நம்பி தொடர்ந்து எறக்கியிருக்கணும். அப்ப லிஸ்ட்ல வர்ற ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல "இவன ஏன் இவ்ளோ நாள் ஆட வச்சாங்க"ங்கற கேள்விக்கு பதில் இருக்கணும். அது இல்லாத லிஸ்ட்ட நான் லிஸ்ட்டாவே மதிக்க மாட்டேன்.

மொதல்ல டேட்டா. அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்ங்கற கம்ப்யூட்டர் கேம் வச்சு ஓட்டுறவங்க டேட்டாவ சிஎஸ்வி ஃபைலா எறக்கிக்கலாம், அடுத்த சீசனுக்கு தள்ளுறதுக்கு முன்னாடி லீக் ஃபைல் மொத்தத்தையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சிடுங்க, பழைய மேட்ச்சோட பாக்ஸ் ஸ்கோர் (யாரு என்ன பண்ணாங்கற மேட்ச் கணக்கு) காலாகாலத்துக்கும் உள்ளயே கெடக்கும்னு நம்ப வேணாம். கச்சான் காத்து ஆரம்பிச்சா நம்ம பக்கம் கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, சிம் ஓடிட்டு இருக்கும்போது லேப்டாப் அணைஞ்சா ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. 1961லேர்ந்து வர்ற ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் மாதிரி கார்டும் பகடையும் வச்சு ஆடுறவங்களா இருந்தா நோட்டுல இருக்க ஸ்கோர்ஷீட்ட ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் டைப் பண்ணுங்க, தனியா பண்ணா தப்பு நெறைய வரும்.

ஷீட்ல ஏத்தும்போது எல்லாரும் மாட்டுற எடம் பிட்ச்சரோட (பந்து போடுறவரோட) இன்னிங்ஸ் காலம், ஒரு இன்னிங்ஸுக்கு மூணு அவுட். 5.1ன்னு போட்டிருந்தா அஞ்சு இன்னிங்ஸும் ஒரு அவுட்டும்னு அர்த்தம், அதாவது 5⅓. மூணு மேட்ச்ல 5.1, 5.1, 5.1ன்னு போட்டிருந்தா ஷீட் கூட்டி 15.3ன்னு காட்டும், உண்மையான கணக்கு 16. இதுக்கு ஒரே வழி, இன்னிங்ஸ தூக்கிட்டு அவுட் எண்ணிக்கைய போடுங்க, 16 அவுட், 16 அவுட், 16 அவுட், மொத்தம் 48, மூணால வகுத்தா 16 இன்னிங்ஸ். ஈஆர்ஏ, அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு எத்தன எர்ன்டு ரன் (ஃபீல்டர் தப்பால வராத ரன்) குடுத்தான்னு வேணும்னா, எர்ன்டு ரன்ன 27ஆல பெருக்கி அவுட்டால வகுத்துடுங்க, முடிஞ்சது.

அடுத்து தகுதி. அமெரிக்காவுல மேஜர் லீக்ல பேட்டிங் டைட்டிலுக்கு (அதிக ஆவரேஜ் வச்சிருக்கவருக்கான பட்டம்) ஒரு மேட்ச்சுக்கு 3.1 தடவை பேட் பிடிக்க வந்திருக்கணும், 162 மேட்ச்சுக்கு 502 வரும். பிட்ச்சருக்கு மேட்ச்சுக்கு ஒரு இன்னிங்ஸ், அதாவது 162. நாம தடைக்காலம் 61 நாள்ல முடிக்கணும்னு சீசன சின்னதா வச்சிருந்தா அதே விகிதத்த அப்படியே எடுத்துக்கங்க, 60 மேட்ச்னா 186, 2020ல கொரோனா வந்து அவங்களே 60 மேட்ச் ஆடுனப்ப இதே 186 தான் வச்சாங்க. இந்த கோட்ட தாண்டுனவன் மட்டும் தான் சீசன் லிஸ்ட்டுக்குள்ள வரணும். 2018ல பால்டிமோர் ஆளு கிறிஸ் டேவிஸ் 128 மேட்ச் ஆடி 470 அட்-பேட்ல (பேட் பிடிக்க வந்ததுல, பந்து தப்பா போட்டு சும்மா பேஸ் குடுக்கற வாக் மாதிரி தடவைகள கழிச்சது) 79 ஹிட் தான் எடுத்தாரு, ஹிட்ட அட்-பேட்டால வகுத்தா ஆவரேஜ் .168, ஸ்ட்ரைக்அவுட் 192. அதுக்கு முன்னாடி 1991ல ராப் டியரும் 2013ல டான் அக்லாவும் .179. தகுதிக் கோடு தாண்டியும் இவ்ளோ கீழ போகணும்னா அந்த டீம் அவர எவ்ளோ நாள் பொறுத்துக்கிட்டு எறக்கியிருக்கணும்னு பாருங்க, டேவிஸுக்கு பெரிய நீண்டகால கான்ட்ராக்ட் இருந்துச்சு, 2013ல அதே ஆளு 53 ஹோம்ரன் அடிச்சவரு, ஒக்கார வைக்க மனசு வராது தானே. இதுதான் நான் சொன்ன பக்கத்து காலம்.

இனி மொத்த எண்ணிக்கை. அதிக தோல்வி, அதிக வாக், அதிக ஸ்ட்ரைக்அவுட், இதெல்லாம் மொத்தமா எடுத்தா மோசமானவன் வர மாட்டான், பெரிய ஆளு தான் வருவான். பிட்ச்சர் சை யங் 315 தோல்வி, வரலாற்றுலயே அதிகம், அவருக்கு வின் 511, அதுவும் வரலாற்றுலயே அதிகம். இன்னொரு பிட்ச்சர் நோலன் ரயன் குடுத்த வாக் 2,795, எடுத்த ஸ்ட்ரைக்அவுட் 5,714, ரெண்டுமே ரெக்கார்ட். நம்ம கும்ப்ளே டெஸ்ட்ல 18,000 ரன்னுக்கு மேல குடுத்தவரு, அத வச்சு அவர மோசமான பவுலர்னு யாராச்சும் சொல்லுவோமா, 619 விக்கெட் எடுக்க அவ்ளோ ஓவர் போட வேண்டியிருந்துச்சு. ஒரு சீசனுக்குள்ளயும் இதே கதை தான், 1986ல பிட்ச்சர் பெர்ட் பிளைலெவன் 50 ஹோம்ரன் குடுத்தாரு, அந்த வருஷம் அவர் டீமுக்கு 17 மேட்ச் ஜெயிச்சும் குடுத்தாரு, 2011ல ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டாரு. 2009ல பேட்டர் மார்க் ரெனால்ட்ஸ் 223 ஸ்ட்ரைக்அவுட், கூடவே 44 ஹோம்ரன். அதனால எண்ணிக்கை ரெக்கார்டுகள தனி பக்கமா போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அதே ஆளோட நல்ல எண்ணையும் எழுதுங்க. மோசமான ஆட்டம்னு பேர் வைக்கிற பக்கத்துல ஆவரேஜ், ஓபிஎஸ் (பேஸுக்கு போற விகிதமான ஆன்-பேஸ், ஒரு அட்-பேட்டுக்கு எத்தன பேஸ் அடிச்சான்ங்கற ஸ்லக்கிங், ரெண்டோட கூட்டல்), ஈஆர்ஏ மாதிரி விகிதம் மட்டும் வரட்டும்.

விகிதத்தையும் அப்படியே நம்பாதீங்க, இங்க தான் வேலை அதிகம், ஆனா இந்த வேலைய விட்டுட்டா லிஸ்ட் பொய் சொல்லும். வருஷத்துக்கு வருஷம் லீக்கோட காத்து மாறும். 1930ல மேஜர் லீக்கோட ஒரு பாதியான நேஷனல் லீக் மொத்தமே .303 அடிச்சுச்சு, லீக் ஈஆர்ஏ 4.97. அந்த வருஷம் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் டீம் .315 அடிச்சும் 52-102ன்னு (52 வெற்றி, 102 தோல்வி) கடைசி எடம், ஏன்னா பிட்ச்சிங் ஈஆர்ஏ 6.71. 1968ல நெலம தலைகீழ், லீக் ஈஆர்ஏ 2.98, இன்னொரு பாதியான அமெரிக்கன் லீக்ல .301 அடிச்சே யஸ்த்ரெம்ஸ்கி பேட்டிங் டைட்டில் வாங்கிட்டாரு, அடுத்த வருஷம் பிட்ச்சர் நிக்கிற மேட்ட 15 இஞ்ச்லேர்ந்து 10 இஞ்ச்சுக்கு எறக்க வேண்டியதாப்போச்சு. இப்ப கணக்கு போடுங்க: 6.71ஐ 4.97ஆல வகுத்து நூறால பெருக்கினா 135. ஒரு பேச்சுக்கு 1968ல ஒருத்தன் ஈஆர்ஏ 4.50ன்னு வச்சுக்கங்க, 2.98ஆல வகுத்தா 151. பார்க்க 6.71 தான் கண்றாவியா தெரியுது, ஆனா அதவிட மோசம் அந்த 4.50. நம்ம லீக்லயும் கேமோட புது வெர்ஷனுக்கு மாறுன சீசன், செட்டிங்ஸ்ல ஹோம்ரன் அளவ ஏத்துன சீசன்னு இருக்கும்ல, ஒவ்வொரு சீசனுக்கும் லீக் ஆவரேஜ தனியா ஒரு காலத்துல போட்டு எல்லாரையும் அதால வகுங்க.

பேட்டருக்கு ஓபிஎஸ் வச்சு இதே மாதிரி: அவனோட ஆன்-பேஸ லீக் ஆன்-பேஸால வகுத்து, ஸ்லக்கிங்க லீக் ஸ்லக்கிங்கால வகுத்து, ரெண்டையும் கூட்டி ஒண்ண கழிச்சு நூறால பெருக்கணும். நூறுன்னா சராசரி ஆளு, அம்பதுக்கு கீழ போனா ரொம்ப கஷ்டப்பட்டிருக்கான்னு அர்த்தம். மைதானத்தையும் பாருங்க, அந்த 1930 ஃபில்லீஸ் ஆடுன பேக்கர் பௌல்ல வலது பக்க எல்லை சுமார் 280 அடி தான், கொலராடோவுல டென்வர் மைதானம் கடல் மட்டத்துலேர்ந்து ஒரு மைல் உசரம், பந்து பறக்கும். உங்க லீக்ல சின்ன மைதானம் வச்சிருக்க டீமோட பிட்ச்சருக்கு அந்த குறிப்ப எழுதாம விடுறது அநியாயம்.

ஃபீல்டிங்கும் கணக்குல வரணும். பில் பெர்கன்னு ஒரு கேட்ச்சர் (பேட்டருக்கு பின்னாடி நிக்கிற ஃபீல்டர்), 1901லேர்ந்து 1911 வரைக்கும் ஆடுனாரு, மூவாயிரம் அட்-பேட் தாண்டியும் மொத்த ஆவரேஜ் .170. அவ்ளோ வருஷம் வச்சிருந்தாங்கன்னா அவரோட கேட்ச்சிங்கும் த்ரோவும் அவ்ளோ நல்லா இருந்துச்சு. சிம்ல ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்), கேட்ச்சர் ரெண்டு எடத்துக்கும் பேட்டிங் லிஸ்ட்ட தனியா பிரிச்சா இந்த நியாயம் கெடைக்கும்.

ஒரு மேட்ச் ரெக்கார்டுக்கு ஈஆர்ஏ வேணவே வேணாம், ஒரு அவுட் கூட எடுக்காம ரன் குடுத்தா அது முடிவிலியா போயிடும். ஸ்டார்ட்டருக்கு, அதாவது மேட்ச்ச ஆரம்பிக்கிற பிட்ச்சருக்கு, பேஸ்பால் புள்ளிவிவர ஆளு பில் ஜேம்ஸ் போட்ட கேம் ஸ்கோர் எடுத்துக்கங்க: அம்பதுல ஆரம்பிச்சு அவுட்டுக்கு ஒண்ணு கூட்டணும், நாலாவது இன்னிங்ஸுக்கு அப்புறம் முழுசா முடிச்ச ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ரெண்டு, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஒண்ணு, அப்புறம் ஹிட்டுக்கு ரெண்டு, எர்ன்டு ரன்னுக்கு நாலு, மத்த ரன்னுக்கு ரெண்டு, வாக்குக்கு ஒண்ணு கழிக்கணும். ரெண்டு இன்னிங்ஸ்ல பத்து ஹிட், ஒம்பது எர்ன்டு ரன், மூணு வாக், ஒரு ஸ்ட்ரைக்அவுட்னா மைனஸ் 2 வரும். மைனஸ்ல போனது எல்லாத்தையும் எழுதி வைங்க. பிட்ச்சர் தீர்ந்துபோய் ஃபீல்டர் வந்து பந்து போட்ட மேட்ச்ச இதுல சேக்காதீங்க.

தொடர் தோல்வி, தொடர் ஹிட் இல்லாமை, இதுக்கு கேம் லாக் வேணும், தேதிவாரியா. 1992, 93ல நியூயார்க் மெட்ஸ் பிட்ச்சர் ஆந்தனி யங் நடுவுல ஒரு வின் கூட இல்லாம தொடர்ந்து 27 தோல்வி வாங்குனாரு, ஆனா 93ல அவர் ஈஆர்ஏ 3.77 தான், அந்த டீம் 59-103. யாரு மேல தப்புன்னு இதுலயே தெரியுது. அதனால பிட்ச்சர் தோல்வி வரிசைக்கு பக்கத்துல அந்த மேட்ச்கள்ல டீம் அடிச்சு குடுத்த ரன்ன கட்டாயம் போடுங்க.

டீம் லிஸ்ட்டுக்கு தோல்வி எண்ணிக்கையும் விகிதமும் ரெண்டும் வேணும். 1900க்கு அப்புறம் அதிக தோல்வி 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ், 41-121, அதுக்கு முன்னாடி 1962 மெட்ஸ் 40-120, லீக்ல அவங்களுக்கு அதான் மொத வருஷம். விகிதத்துல பார்த்தா 1916 ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் 36-117, .235, இவங்க ரெண்டு பேரையும் விட கீழ. இன்னும் பின்னாடி போனா 1899 கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் 20-134, அவங்க ஓனருங்க செயின்ட் லூயிஸ் டீமையும் வாங்கி சை யங் உட்பட நல்ல ஆளுங்கள பூரா அங்க அனுப்பிட்டாங்க. நம்ம லீக்லயும் ஒரே ஆளு ரெண்டு டீம் பாத்த சீசன் இருந்தா அந்த டீமோட ரெக்கார்ட தனிக் குறியோட தான் போடணும்.

நம்ம கரைக்கே உரிய ஒரு குறி இருக்கு, அத விட்டுடாதீங்க. ஜூன் 14ல தடைக்காலம் முடிஞ்சதும் படகு கெளம்பிடும், மேனேஜர் கடல்ல இருப்பாரு, லைன்அப் (ஆடுறவங்க வரிசை) அனுப்ப முடியாது, கேம் பழைய லைன்அப்பயே ஓட்டும், களைச்சுப்போன பிட்ச்சர் திரும்ப திரும்ப எறங்குவான், அடிபட்ட ஷார்ட்ஸ்டாப் எடத்துல கேட்ச்சர் நிப்பான். அந்த நாட்கள்ல வந்த ரெக்கார்டுக்கு "ஆள் இல்ல"ன்னு ஒரு காலம் வச்சு டிக் போடுங்க, சரிவு எந்த தேதில ஆரம்பிச்சுதுன்னு கேம் லாக்ல பாத்தாலே புரிஞ்சிடும். துபாய், சவுதிலேர்ந்து டீம் பாக்குற அண்ணன்மாருக்கு ஷிஃப்ட் மாறுன நேரத்துக்கும் இதே டிக்.

பேர எழுதி முடிச்சதும் லிஸ்ட்ட வெளிய விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மேனேஜர்கிட்டயும் போன் போட்டு அந்த ஆள ஏன் வச்சிருந்தீங்கண்ணேன்னு ஒரு வரி கேட்டு வாங்குங்க, கோவப்பட மாட்டாங்க, பல பேரு அதுக்காகவே காத்திருந்த மாதிரி கதையா சொல்லுவாங்க. அந்த வரிய அவங்க சொன்னபடியே போடுங்க, நீங்க திருத்தாதீங்க. ஒரு பிரிவுக்கு அஞ்சு பேரு போதும், சமம் வந்தா அதிக தடவை ஆடுனவன் மேல வரட்டும், அதுவும் சமம்னா ரெண்டு பேரையும் ஒரே எடத்துல போட்டுடுங்க. புது சீசன்ல ஒருத்தன் உள்ள வந்து பழைய ஆள் அஞ்சுலேர்ந்து விழுந்தா பேர அழிக்காம கீழ எறக்கி வைங்க, ஃபார்முலா மாத்துனீங்கன்னா அவங்களும் திரும்ப மேல வரலாம்.