ஒரு பேட்டரி, ஒரு எல்இடி: முதல் மின்சுற்றைச் செய்து பார்ப்போம்

மின்சுற்றைப் பற்றிப் படிக்கிற பலருக்கும் ஒரு தவறான எண்ணம் மனதில் ஒட்டிக்கொள்கிறது: கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, வழியில் இருக்கும் பல்பில் செலவாகி, மிச்சம்தான் திரும்பி வருகிறது என்று. அது சரியில்லை என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது எளிது.

வாங்க வேண்டியவை: 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், 470 ஓம் ரெசிஸ்டர் (கரண்டுக்குத் தடை போடும் பொருள்; ஓம் என்பது தடையின் அளவு) இரண்டு, சிவப்பு எல்இடி ஐந்து, பிரெட்போர்டு (பொருள்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), கொஞ்சம் ஜம்பர் வயர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் (கரண்ட், வோல்டேஜ் அளக்கும் கருவி). சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 470 ஓம் ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று வரிசையாகக் கோடுகள் இருக்கும். நான்காவது கோடு தங்க நிறமானால் மதிப்பு 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று பொருள்.

இதில் எதையும் வீட்டு பிளக் பாயிண்டில் செய்து பார்க்கக் கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட், ஆளைக் கொல்லும்.

படி 1: பிரெட்போர்டைப் புரிந்துகொள்ளுங்கள்

நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அதன் ஒரு பக்கத்தில் ஐந்து ஐந்தாக இருக்கும் துளைகளை உள்ளே ஒரு உலோகத் தகடு இணைக்கிறது; இப்படி ஒரு ஐந்துதான் ஒரு வரிசை. பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஒரு ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் ஒரே ஐந்துக்குள் செருகினால், கரண்ட் தகடு வழியாகவே போய்விடும்; ரெசிஸ்டர் இருந்தும் இல்லாததுபோல்தான். 'எல்லாம் சரியாத்தான் போட்டேன், எரியலையே' என்பவர்களின் பிரெட்போர்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 2: இணைப்பு

கிளிப்பின் சிவப்பு வயரை 1ஆம் வரிசையில் செருகுங்கள். ரெசிஸ்டரின் ஒரு கால் அதே 1ஆம் வரிசையில், மறு கால் 10ஆம் வரிசையில். எல்இடியின் நீளமான கால் 10இல், குட்டையான கால் 12இல். கிளிப்பின் கறுப்பு வயரும் 12இல். பேட்டரியைக் கடைசியில் மாட்டுங்கள்.

எரிகிறதா? இல்லையென்றால் எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீளமான கால்தான் பிளஸ். கால்களை வெட்டிவிட்ட எல்இடியானால் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

படி 3: ஏன் எரிந்தது?

சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்த உடனே பின்சக்கரம் சுற்றுகிறது. பெடலருகே இருந்த கண்ணி சக்கரத்துக்கு வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. கண்ணிகள் தேய்ந்து தீர்வதும் இல்லை. அதே செயின்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வயருக்குள் எலக்ட்ரான்களும் அப்படித்தான். அவை ஏற்கெனவே செம்பில் நிறைந்திருக்கின்றன, பேட்டரி தள்ளுகிறது. அந்தத் தள்ளும் அளவுதான் வோல்டேஜ். ஓரிடத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பது கரண்ட். எங்கே வயரைப் பிடுங்கினாலும் மொத்தச் சுற்றும் நிற்கும்.

இப்போது ரெசிஸ்டர் எதற்கு? சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினாலும் கரண்ட் தாறுமாறாக உயரும். நேராக 9 வோல்ட்டில் மாட்டினால் கருகிவிடும். ரெசிஸ்டர் மீதி 7 வோல்ட்டை ஏற்றுக்கொள்கிறது. 1827இல் ஜெர்மானியரான ஓம் வெளியிட்ட விதி இங்கே உதவும்: வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் (ஓமில் சொல்லும் தடையால்) வகுத்தால் கரண்ட். 7 ÷ 470 = 0.0149, அதாவது கிட்டத்தட்ட 15 மில்லி ஆம்பியர். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடி 20 வரை தாங்கும் என்பதால் பயமில்லை.

படி 4: ரெசிஸ்டரை இடம் மாற்றுங்கள்

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டரை எல்இடிக்குப் பின்னால், மைனஸ் பக்கம் வைத்து மறுபடி இணையுங்கள். எல்இடிக்கு முன்னால் தடையே இல்லையே, கருகிவிடாதா? கருகாது. அதே வெளிச்சம்தான். கரண்ட் எவ்வளவு என்பதை முழு வளையமும் சேர்ந்து முடிவு செய்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்பது கணக்கில் வராது.

நம்பிக்கை வரவில்லையென்றால் மல்டிமீட்டரை டிசி (பேட்டரி தரும் ஒரே திசைக் கரண்ட்) 200 மில்லி ஆம்பியருக்குத் திருப்பி, சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில், எல்இடிக்கு முன்னால், பின்னால் என எங்கே வைத்தாலும் ஒரே எண்தான். ஆனால் கரண்ட் அளவில் இருக்கும் மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்கு நேராக வைத்துவிடாதீர்கள். உள்ளே ஃபியூஸ் போய்விடும்.

அடுத்து டிசி 20 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். வோல்டேஜ் பார்க்கச் சுற்றைப் பிரிக்க வேண்டாம். பொருளின் இரு கால்களையும் தொட்டால் போதும். ரெசிஸ்டரில் ஏறக்குறைய 7, எல்இடியில் 2, கூட்டினால் பேட்டரியின் அளவு. இதைப் பொது விதியாக 1845இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்ச்சாஃப் சொன்னார். புது பேட்டரி 9.5 காட்டினால் குழம்ப வேண்டாம், அது வழக்கம்தான்.

படி 5: ஒன்றன்பின் ஒன்றாக

அதே வளையத்தில் எல்இடிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இரண்டு என்றால் ரெசிஸ்டருக்கு 5 வோல்ட், கரண்ட் 10.6 மில்லி ஆம்பியர். மூன்றுக்கு 6.4. நான்குக்கு 2 தான், நன்றாகவே மங்கும். ஐந்துக்குக் கணக்குப்படி 10 வோல்ட் வேண்டும், எரியவே கூடாது. ஆனாலும் புது பேட்டரியில் லேசாக மினுக்கலாம். குறைந்த கரண்டில் எல்இடி 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழேயே சமாளித்துக்கொள்ளும் என்பதே காரணம். நாம் வைத்துக்கொண்ட 2 ஒரு தோராயக் கணக்குதானே.

படி 6: பக்கத்தில் பக்கத்தில்

இந்த முறை இரண்டு கிளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்இடி. இரண்டும் தனித்தனியாகப் பேட்டரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் போகட்டும். ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றது எரியும். வீட்டு லைட்டும் ஃபேனும் இப்படி இணைக்கப்பட்டவை. திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் செட்டோ படி 5 வகை. ஒரு பல்பு போனால் அந்த வரிசையே இருண்டுவிடும்.

இரண்டு கிளைக்கும் தலா 15 என்பதால் பேட்டரி 30 மில்லி ஆம்பியர் கொடுக்கிறது. அந்த அளவுக்குச் சீக்கிரம் தீரும். ஒரே ரெசிஸ்டரை இரண்டு எல்இடிக்கும் பொதுவாக வைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். எந்த இரண்டு எல்இடியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கரண்டை அதிகமாக இழுத்துக்கொள்ளும், மற்றது மங்கும்.

முடித்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், சாவிக்கொத்தோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகிச் சூடாகும்.