ஹீட்டர் ராடு, மெஸ் பில், மூட்டைப்பூச்சி: ஹாஸ்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதியில் சேரும்போது தரும் விதிமுறைத் தாளில் கேட் மூடும் நேரம் இருக்கும், கைலியோடு மெஸ்ஸுக்கு வரக்கூடாது என்று இருக்கும். காசையும் தூக்கத்தையும் பறிக்கிற சங்கதிகள் அதில் இருக்காது. அறை உங்களுடையதுபோலத் தெரிந்தாலும் ஒயர், பில், பூச்சி மூன்றும் பொது. அதை மறந்தால்தான் சிக்கல்.

ஹீட்டர் ராடுக்குப் பெரும்பாலான விடுதிகளில் தடை. ஆனாலும் மார்கழிக் காலையில் விங்குக்கு நாலு ராடாவது ஓடும். தடைக்குக் காரணம் வார்டனின் கெடுபிடி இல்லை, கணக்கு. 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறைச் சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. ராடை மலிவு ஜங்ஷன் பாக்ஸில், லேப்டாப் சார்ஜரோடு சேர்த்துச் செருகினால் ஒல்லி ஒயர் சூடேறி, பிளக்கின் பின்கள் கருகி, பிளாஸ்டிக் இளகும். ஒரே லைனில் மூன்று அறைகளில் ராடு போட்டால் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) ட்ரிப் ஆகி விங் முழுக்க இருட்டு. அப்போது எம்.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது அடுத்த தவறு. அது விழுவதே ஒயரைக் காப்பாற்றத்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சுட்டுவிட்டதா என்று தண்ணீரில் விரல் விட்டுப் பார்ப்பது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பக்கூடாது. ஒயரிங்கில் சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருந்தால் அணைத்த பிறகும் ராடுக்கு மின்சாரம் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியில் கை. மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் ராடே தேவையில்லை; குழாயில் தேங்கிய பச்சைத் தண்ணீர் போனதும் சூடு வரும். முதலில் குளிக்கப் போகிறவர்தான் பாவம். அயர்ன் பாக்ஸ் பெரும்பாலும் 1000 வாட்டுக்குள்தான், சுவர் பாயின்ட்டில் தனியாகச் செருகினால் தாங்கும்.

மெஸ் பில்லில் ஏமாறுவது வேறு மாதிரி. டிவைடிங் சிஸ்டத்தில் மாதத்தின் மொத்தச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். 200 பேர், 30 நாள் என்றால் 6,000. ஊருக்குப் போனவர்கள் எழுதிக்கொடுத்த ரிடக்‌ஷன் 400 நாள் என்றால் மிச்சம் 5,600. செலவு 6,72,000 ரூபாய் ஆகியிருந்தால் ஒரு நாளுக்கு 120 ரூபாய். ஆறு நாள் ரிடக்‌ஷன் வாங்கியவருக்கு பில் 2,880, வாங்காதவருக்கு 3,600. ராத்திரி பரோட்டா கடைக்குப் போய்விட்டு, பில் ஏன் குறையவில்லை என்று கேட்பதில் பயனில்லை. ஒரு வேளையை விடுவது கணக்கில் ஏறாது. முழு நாளாக, தொடர்ச்சியாக, முன்கூட்டியே நோட்டில் எழுதியிருக்க வேண்டும். குறைந்தது எத்தனை நாள் என்பது விடுதிக்கு விடுதி மாறும், முதல் வாரமே கேட்டுவைப்பது நல்லது. ஊர் போய் இறங்கிவிட்டு, “மச்சான், என் பேரை எழுதிடுடா” என்று மெசேஜ் போட்டால் செல்லாது.

ஸ்டடி ஹாலிடேஸ் மாதத்தில் ஆள் குறையும், ஆனால் சமையல் கூலி குறையாது. நாள் ரேட் ஏறத்தான் செய்யும். மெஸ் ரெப் காசு அடித்துவிட்டான் என்று சண்டைக்குப் போகும் முன் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். டோக்கன் போடாமல் உள்ளே கூட்டிவரும் நண்பனின் சாப்பாடும் இதே கணக்கில்தான் விழுகிறது.

அறைச் சாவி வாங்கும் அன்றே கட்டில், நாற்காலி, ஃபேன் ரெகுலேட்டர், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து, உடைந்ததை ரெஜிஸ்டரில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடவும். இல்லையென்றால் கடைசியில் விடுதியைக் காலி செய்ய நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கும்போது, முன்னால் இருந்தவர் உடைத்ததற்கு உங்கள் காஷன் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

மூட்டைப்பூச்சி விஷயத்தில் செய்யும் முதல் தவறு, மெத்தையைத் தூக்கி வராண்டாவில் போடுவது. பக்கத்து அறைக்கு அழைப்பிதழ் வைப்பதும் அதுவும் ஒன்று. இரண்டாவது, ஒருமுறை மருந்து அடித்ததும் முடிந்தது என்று நினைப்பது. பல மருந்துகளுக்கு முட்டை சாகாது. ஒரு வாரம், பத்து நாளில் பொரித்துவிடும். அதனால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் இரு பக்கத்து அறைகளையும் சேர்த்து. மெத்தையின் ஓரத் தையல், கட்டில் மூட்டுகள், பெட்டியின் மூலை, சுவிட்ச் போர்டின் விளிம்பு: டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகுத்தூள்போல் கரும்புள்ளிகள் தெரியும். அங்கேதான் குடித்தனம். (சுவிட்ச் போர்டில் மட்டும் மருந்தைப் பீய்ச்சக்கூடாது.) செமஸ்டர் லீவில் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று அறையைப் பூட்டிப்போவதும் வீண், ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

போர்வை, தலையணை உறையைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் முட்டையோடு போகும். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பையை நேராக வீட்டுக் கட்டில்மேல் வைக்காமல், வாசலிலேயே திறந்து துணியை வாளிக்கு அனுப்புங்கள். காலிப் பையின் தையலை அம்மா பார்ப்பதற்குள் நீங்கள் பார்த்துவிடுவது உத்தமம்.